வசூலாகாத கவுன்சில் வரி: கடைசியில் கேட்கப்படும் கேள்வி

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களில் ஆண்டுக்குச் சில முறை ஒரு தீர்மானம் வரும். வசூலிக்க இயலாத நிலுவைகளைத் தள்ளுபடி செய்வதற்கான தீர்மானம் அது. கூட்டத்தின் கடைசிப் பகுதியில் வரும். பெரும்பாலும் விவாதமே இல்லாமல் நிறைவேறும். அறிக்கையின் முன்பக்கத்தில் மொத்தத் தொகையும் இனவாரியான கூட்டலும் இருக்கும். விஷயம் இருப்பது பின்னிணைப்பில்தான்: கணக்கு எண், பெயர், முகவரி, எந்த ஆண்டின் வரி, எவ்வளவு பாக்கி, தள்ளுபடிக்குக் காரணம் என்ன. அந்தப் பின்னிணைப்பு பொதுமக்கள் கண்ணில் படாது. தனிநபர் விவரங்களைக் கூட்டத்துக்கு வெளியே விடாமல் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இடம் தருகிறது. இத்தகைய தாள்களை இளஞ்சிவப்பு நிறத்தில் அச்சிட்டு, உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுப்பது பல மன்றங்களில் வழக்கம்.

பெயர்களை மறைப்பது சரி. ஆனால் 'காரணம்' என்ற அந்தக் கடைசிப் பத்தியும் பெயர்களோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. ஒரு நகரத்தில் யாரால் வரி கட்ட முடியவில்லை, யார் ஏமாற்றுகிறார்கள், எங்கே அலுவலகமே தவறு செய்தது என்பதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே ஆவணம் அதுதான். வசூலாகாத வரியைப் பற்றிப் பேசுகிற பலரும் தொகையை வைத்துப் பேசுகிறார்கள். காரணத்தை வைத்துப் பேசினால் படம் வேறாகத் தெரியும் என்பது என் கட்சி.

முதலில் தொகையையும் பார்த்துவிடலாம். 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்து முழுவதும் சேர்ந்திருந்த கவுன்சில் வரி நிலுவை 660 கோடி பவுண்டு. பெருந்தொற்று தொடங்கிய 2020 மார்ச்சில் அது ஏறத்தாழ 360 கோடி. ஐந்தே ஆண்டில் இவ்வளவு ஏற்றம். இதை மட்டும் பார்த்தால் நாட்டில் பாதிப் பேர் வரி கட்டுவதில்லை என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. அந்தந்த ஆண்டுக்கான வரியில் சுமார் 96 சதவீதம் அந்த ஆண்டுக்குள்ளேயே வசூலாகிவிடுகிறது. பின்வரும் ஆண்டுகளில் இன்னும் கொஞ்சம் வந்துசேர்கிறது. மீதம் நிற்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு படிந்து மலையாகிறது. அந்த மலைக்குள் நாளையே வரக்கூடிய பணமும் இருக்கிறது, என்றைக்குமே வராத பணமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லாத எந்தக் கணக்கும் பாதிக் கணக்குதான்.

என்றைக்குமே வராத பணம் ஏன் உண்டாகிறது என்று புரிந்துகொள்ள, இந்த வரியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 1993 ஏப்ரலில் வந்த கவுன்சில் வரி, வீட்டின் மதிப்புக்கேற்ற பட்டையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பும் இங்கிலாந்தில் 1991 ஏப்ரல் 1ஆம் தேதியின் மதிப்பு. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் மறுமதிப்பீடு செய்யப்படவில்லை. ஆனால் வரியைக் கட்ட வேண்டியவர் வீட்டின் சொந்தக்காரர் அல்ல, அதில் குடியிருப்பவர். தமிழ்நாட்டில் சொத்துவரி கட்டடத்தோடு ஒட்டியது. நில வருவாய்க்கு அடுத்தபடியாகச் சொத்தின் மீதே அதற்கு முதல் உரிமை உண்டு. வீட்டை விற்கப் போனால் வாங்குபவர் வரி ரசீதைக் கேட்பார். எனவே பாக்கி தாமதமாகலாம், தொலைந்துபோகாது. இங்கிலாந்தில் கடன் ஆளோடு போகிறது. ஆள் குடி மாறினால் கடனும் முகவரி இல்லாததாகிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு வீடு மாறும் வாடகைதாரர்கள் நிறைந்த ஒரு லண்டன் வட்டாரத்தில், சொந்த வீட்டில் முப்பது ஆண்டு வாழும் ஓய்வூதியர்கள் நிறைந்த ஒரு கிராமப்புற மாவட்டத்தின் வசூல் விகிதத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வசூல் தரவரிசையில் கீழே இருக்கும் மன்றம் திறமையற்றது என்று பத்திரிகைகள் எழுதும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள்.

லண்டன் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. ஒரு வீட்டில் அறைக்கு ஒருவராக நாலைந்து பேர் இருப்பார்கள். தனித்தனி ஒப்பந்தத்தில் அறை வாடகைக்கு விடப்பட்ட வீடென்றால் வரி வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் மின்கட்டணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரிலோ, 'குடியிருப்பவர்' என்ற பொதுப்பெயரிலோ பில் வந்துவிடும். அவர் ஏற்கெனவே வேறு ஊருக்குப் போயிருப்பார். இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தொகை பதிவேட்டில் ஒரு கடனாக நிற்கும். உண்மையில் அது அவர் கடனே அல்ல. ஒரு சில இடங்களில் ஒவ்வோர் அறைக்கும் தனி வரிப்பட்டை போட்ட கொடுமையும் நடந்தது. பலர் பகிர்ந்து வாழும் வீடுகளை ஒரே வீடாகத்தான் மதிப்பிட வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி மாறியது நல்ல காரியம். வாராக்கடன் என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி, முதலிலேயே யார் தலையிலும் ஏற்றியிருக்கக் கூடாத கடன்.

இனி ஒரு பாக்கி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2025-26இல் இங்கிலாந்தில் நடுத்தரப் பட்டையான 'டி' பட்டையின் சராசரி வரி 2,280 பவுண்டு. வழக்கமாக ஏப்ரல் தொடங்கிப் பத்துத் தவணை. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாள் கெடு. அதற்குள்ளும் கட்டாமல் இன்னும் ஏழு நாள் போனால், தவணை முறை ரத்தாகி அந்த ஆண்டின் மிச்சத் தொகை முழுவதும் உடனடியாகக் கட்ட வேண்டியதாகிவிடும். இருநூறு பவுண்டைப் புரட்ட முடியாதவரிடம் இரண்டாயிரத்தைக் கேட்கும் ஏற்பாடு இது. அடுத்தது நீதிமன்ற அழைப்பாணை. நடுவர் நீதிமன்றத்தில் மொத்தமாக வழக்குகள் பட்டியலிடப்படும். ஒரே உத்தரவில் பலருடைய பெயர்களைச் சேர்க்க 1992ஆம் ஆண்டின் விதிகளே இடம் தருகின்றன. 'நீங்கள்தான் கட்ட வேண்டியவர்' என்று அறிவிக்கும் அந்த உத்தரவுக்கான செலவும் பாக்கியோடு சேர்க்கப்படும்.

அந்த அறையில் 'என்னிடம் பணம் இல்லை' என்பது ஒரு வாதமே அல்ல. பில் தவறான ஆள் பெயரில் வந்தது, ஏற்கெனவே கட்டிவிட்டேன், கெடு முறையாகத் தரப்படவில்லை — இப்படி ஏதாவது இருந்தால்தான் நடுவர் காது கொடுப்பார். கட்ட முடியுமா முடியாதா என்பது அந்தக் கட்டத்தில் அவர் கேட்க வேண்டிய கேள்வியல்ல. உத்தரவுக்குப் பிறகு மன்றத்தின் கையில் பல கருவிகள்: சம்பளத்தில் பிடித்தம், அரசு உதவித்தொகையில் பிடித்தம், ஜப்திக்கு வரும் பெய்லிஃப், 1,000 பவுண்டுக்கு மேற்பட்ட பாக்கிக்கு வீட்டின் மீது அடமான உத்தரவு, 5,000 பவுண்டு எட்டினால் திவால் மனு. இவை எதுவும் பலிக்காதபோது கடைசியில் சிறை, அதிகபட்சம் மூன்று மாதம். அந்தக் கடைசி வாசலில்தான் நீதிமன்றம் முதன்முறையாக வரவு செலவை விசாரிக்கிறது. வேண்டுமென்றே கட்ட மறுத்தாரா, அல்லது குற்றம் சொல்லத்தக்க அலட்சியமா என்று கேட்கிறது. இரண்டும் இல்லையென்றால் பாக்கியை முழுவதுமாகவோ பகுதியாகவோ ரத்துசெய்யும் அதிகாரமும் அப்போது நடுவருக்கு உண்டு.

முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசி நாள் கேட்கிற அமைப்பு என்று இதைச் சொல்வேன். இடையில் கழிந்த ஆண்டுகளில் கடன் வளர்ந்திருக்கும்; வளர்த்தது கடனாளி மட்டுமல்ல. 2014இல் வகுத்த கட்டணப்படி, பாக்கி பெய்லிஃப் கையில் போன உடனே 75 பவுண்டு சேரும். அவர் கதவைத் தட்டினால் இன்னும் 235. ஆக, 300 பவுண்டு பாக்கி வைத்தவர் இப்போது 610 பவுண்டும் நீதிமன்றச் செலவும் தர வேண்டும். அவர் கொடுக்கும் முதல் பணத்தில் அந்த 75 பவுண்டைத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். வரிக்கு அதன் பிறகுதான். இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிட்டு ஒருவர் ஓய்ந்துபோனால், மன்றத்தின் பதிவேட்டில் நிலுவை அவ்வளவாகக் குறைந்திருக்காது.

உதவித்தொகையில் பிடிக்கும் வழி இதைவிட மென்மையானது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26இல் 25 வயதைத் தாண்டிய, தனியாக வாழும் ஒருவருக்கு யுனிவர்சல் கிரெடிட் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. கவுன்சில் வரிக்காக அதில் 5 சதவீதம் பிடிக்கலாம்: மாதம் 20 பவுண்டு, ஆண்டுக்கு 240. அவருக்கு 1,200 பவுண்டு பழைய பாக்கி இருந்தால் அது தீர ஐந்து ஆண்டு. ஒரு நேரத்தில் ஒரு கவுன்சில் வரிப் பிடித்தம்தான் ஓட முடியும் என்பதால், அந்த ஐந்து ஆண்டுகளில் விழும் புதிய பாக்கிகள் வரிசையில் காத்திருக்கும். வரிசையின் கடைசியில் இருக்கும் பாக்கிக்கு முறை வரும்போது அவர் ஓய்வூதிய வயதை எட்டியிருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். அந்த வரியை 'நடவடிக்கையில் உள்ளது' என்று பதிவேட்டில் வைத்திருப்பது உண்மையல்ல. அதைத் தள்ளுபடி செய்யாததற்கு ஒரே காரணம், தள்ளுபடி என்ற தலைப்பின் கீழ் அந்த எண் தெரியக் கூடாது என்ற தயக்கம்.

இந்த ஏழைகளின் பாக்கி எங்கிருந்து வந்தது? 2013 ஏப்ரல் வரை, வருமானமே இல்லாதவருக்குக் கவுன்சில் வரி முழுவதையும் மத்திய அரசின் உதவித் திட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டில் திட்டம் மன்றங்களின் தலையில் இறக்கப்பட்டது, நிதியில் பத்து சதவீதத்தை வெட்டிவிட்டு. ஓய்வூதியர்களுக்குக் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை. எனவே வெட்டு முழுவதும் உழைக்கும் வயதினர் மேல் விழுந்தது. பல மன்றங்கள், எவ்வளவு ஏழையானாலும் வரியில் ஒரு பங்கைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று வைத்தன. நிதி ஆய்வுக் கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை அளந்து காட்டியது: ஏழைக் குடும்பங்கள் மேல் இப்படிப் புதிதாக ஏற்றிய வரியில் கால் பங்கு அந்த ஆண்டுக்குள் வசூலாகவில்லை. வழக்கமான வசூலாகா விகிதத்தைப் போல இது பத்து மடங்கு. மிச்சப்படுத்தியதாகக் காகிதத்தில் தெரிந்த பணத்தில் ஒரு பகுதி, நிலுவையாகவும் அழைப்பாணையாகவும் பெய்லிஃப் கட்டணமாகவும் கடைசியில் தள்ளுபடியாகவும் திரும்பி வந்தது. அதற்கிடையே எத்தனை வீட்டில் எத்தனை இரவு தூக்கம் போயிற்று என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பால் நிக்கல்சன் ஓய்வுபெற்ற ஆங்கிலிக்கன் பாதிரியார்; விவிலியத்தில் வரும் வரி வசூலிப்பவரான சகேயுவின் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கியவர். லண்டன் ஹாரிங்கேயில், ஏழைகள் மேல் போட்ட சுமையைக் கண்டித்துத் தன் கவுன்சில் வரியைக் கட்ட மறுத்தார். அழைப்பாணை வந்தது, செலவுத்தொகை 125 பவுண்டு. அந்த 125 எப்படி வந்தது என்று அவர் கேட்டார். டோட்டன்ஹாம் நடுவர் நீதிமன்றத்தால் பதில் சொல்ல முடியவில்லை. 2015இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: உண்மையில் எவ்வளவு செலவானது என்று பார்க்காமல், மன்றம் சொன்ன தொகையை நடுவர்கள் அப்படியே ஏற்றது சட்டப்படி தவறு. ஆயிரக்கணக்கானவர்கள் கேள்வி கேட்காமல் கட்டிவந்த ஒரு தொகை அது. 2020இல் அவர் காலமானார். மன்றங்கள் தங்கள் செலவுக் கணக்கைக் காட்டியாக வேண்டும் என்ற நிலை அவரால் வலுப்பட்டது.

சரி, தள்ளுபடி எப்படி நடக்கிறது? இதில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. தள்ளுபடி செய்தால் கடன் மன்னிக்கப்பட்டது என்று நினைக்கிறார்கள். இல்லை. தள்ளுபடி என்பது மன்றம் தன் கணக்கில் செய்துகொள்ளும் பதிவு. இந்தச் சொத்து இனி நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வது. கட்ட வேண்டியவரின் பொறுப்பு சட்டப்படி அப்படியே நிற்கும். காணாமல் போனவர் நாளை அதே ஊரில் வேறு முகவரியில் கிடைத்தால், பாக்கியை மறுபடி பதிவேட்டில் ஏற்றி வசூலைத் தொடங்கலாம். மன்றங்கள் அப்படிச் செய்கின்றன. கடன் உண்மையிலேயே அற்றுப்போவது திவால், கடன் நிவாரண உத்தரவு, நீதிமன்றம் செய்யும் ரத்து போன்றவற்றால்தான். காலக்கெடுவும் இங்கே விசித்திரமானது. பில் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் அந்தப் பாக்கிக்கு உத்தரவு கேட்க முடியாது. உத்தரவு வாங்கிவிட்டாலோ அதன் பிறகு கவுன்சில் வரி விதிகளில் காலக்கெடு கிடையாது. இருபது ஆண்டுக்கு முந்தைய பாக்கியைக் கிளறிக் கடிதம் வருவது இதனால்தான். கடிதம் வாங்கியவர் எல்லா ரசீதையும் இருபது ஆண்டு வைத்திருப்பாரா?

காரணப் பத்தியில் வழக்கமாக வருபவை: முகவரி தெரியாமல் போனவர், சொத்து எதுவும் விட்டுச்செல்லாமல் இறந்தவர், திவாலானவர், கடன் நிவாரண உத்தரவு பெற்றவர், கலைக்கப்பட்ட நிறுவனம், வசூல் செலவு பாக்கியைவிட அதிகமாகும் சில்லறைத் தொகை, காலம் கடந்தது, நலிவுற்ற நிலை. இவற்றில் கடன் நிவாரண உத்தரவு இப்போது முக்கியமாகி வருகிறது. சொந்த வீடும் சேமிப்பும் இல்லாத, மாத வரவில் மிச்சமும் இல்லாத ஒருவருக்குத் திவாலுக்குப் பதிலாகக் கிடைக்கும் வழி அது. ஓராண்டு முடிந்தால் கடன் தீர்ந்துவிடும். 2024 ஏப்ரலில் அதற்கான 90 பவுண்டு கட்டணம் நீக்கப்பட்டது, ஜூனில் கடன் உச்சவரம்பு 50,000 பவுண்டாக உயர்ந்தது. தொண்ணூறு பவுண்டு இல்லாததால் நிவாரணம் கேட்க முடியாமல் இருந்தவர்கள் ஏராளம் என்று கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன.

சிறு தொகைகளை வருவாய்ப் பிரிவு மேலாளரே தள்ளுபடி செய்வார். பெரியது நிதித்துறைப் பொறுப்பு அதிகாரிக்குப் போகும். அதற்கும் மேல் என்றால் மன்றத்தின் நிர்வாகக் குழு. எந்தத் தொகைக்கு யார் என்பதை ஒவ்வொரு மன்றமும் தன் நிதி விதிகளில் வைத்திருக்கிறது. தள்ளுபடியால் அந்த ஆண்டின் பட்ஜெட்டில் ஓட்டை விழும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. வாராக்கடனுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கீடு வைத்திருப்பார்கள். வரி விகிதத்தை நிர்ணயிக்கும்போதே நூற்றுக்கு இத்தனை வராது என்று கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதாவது வராத வரி ஏற்கெனவே கட்டுபவர்களின் பில்லில் ஏறிவிட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தள்ளுபடி யாருக்கும் இலவசமல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுகிறார். நான் தள்ளுபடியை ஆதரிப்பது இந்த உண்மையைத் தெரிந்துகொண்டுதான்.

நிதி அமைப்பில் அதிகம் பேசப்படாத ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டடுக்கு ஆட்சி உள்ள பகுதிகளில் வரியை வசூலிப்பது மாவட்ட மன்றம். வசூலான பணத்தில் பெரும்பகுதி கவுன்டி மன்றத்துக்கும், ஒரு பகுதி காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் போய்விடும். மாவட்டத்துக்கு மிஞ்சுவது சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் பவுண்டைத் தள்ளுபடி செய்தால் மாவட்டத்தின் நட்டம் நூறு பவுண்டு அளவில்தான். ஆனால் அந்த ஆயிரத்தை வசூலிக்க ஆள் வைப்பது, வீடு தேடிப் போய்ப் பேசுவது, வரவு செலவை உட்கார்ந்து பார்ப்பது — இந்தச் செலவு முழுக்க மாவட்டத்துடையது. அழைப்பாணைச் செலவு கடனாளி தலையில், பெய்லிஃப் கட்டணமும் கடனாளி தலையில். எனவே ஒரு மாவட்ட மன்றத்துக்கு மலிவான வழி, ஆளிடம் பேசாமல் உத்தரவு வாங்கி பெய்லிஃபிடம் கொடுத்துவிடுவது. அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்பதால் இப்படி நடப்பதில்லை. கணக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

வணிக வரியில் கதை வேறு. அங்கே கட்ட முடியாதவர் குறைவு, கட்டாமல் நழுவுபவர் அதிகம். காலிக் கட்டடத்துக்கு வரி வராமலிருக்க, சொத்தே இல்லாத ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, கட்டடத்தை அதற்குக் குத்தகைக்கு விட்டு, பிறகு அந்த நிறுவனத்தைக் கலைத்துவிடுவது ஒரு தொழிலாகவே நடந்தது. மன்றத்தின் கையில் கலைக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரில் ஒரு பில் மட்டும் மிஞ்சும். காரணப் பத்தியில் 'நிறுவனம் கலைக்கப்பட்டது' என்று எழுதிக் கணக்கை முடிப்பார்கள். ராஸண்டேல், விகன் மன்றங்கள் தொடுத்த வழக்கில் 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஏற்பாட்டில் உண்மையான சொந்தக்காரரே வரிக்குப் பொறுப்பாகலாம் என்று சொல்லி வழக்கைத் தொடர வழிவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்தன. இந்த வகைப் பாக்கிக்கு என் மனதில் இரக்கம் இல்லை. இதை விடாமல் துரத்த வேண்டும். ஒரு மன்றத்தின் தள்ளுபடிப் பட்டியலில் உதவித்தொகையில் வாழும் பெண்ணின் 400 பவுண்டும் இந்த நிறுவனங்களின் பெருந்தொகையும் ஒரே கூட்டுத்தொகைக்குள் அடங்கிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காதது.

பெருமளவில் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்து ஒரு முழு உதாரணத்தை விட்டுவைத்திருக்கிறது. கவுன்சில் வரிக்கு முன்பு இருந்தது தலைவரி. மார்கரெட் தாட்சர் அரசு அதை ஸ்காட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் கொண்டுவந்தது. கோடீஸ்வரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் தலைக்கு ஒரே தொகை. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. கட்ட முடியாதவர்களும் கட்ட மறுத்தவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். லிவர்பூல் நாடாளுமன்ற உறுப்பினர் டெரி ஃபீல்ட்ஸ் 373 பவுண்டைக் கட்ட மறுத்து 1991இல் 60 நாள் சிறைத்தண்டனை பெற்றார். கிளாஸ்கோவில் ஜப்தி ஏலத்தைத் தடுத்ததற்காகச் சிறைப்பட்ட டாமி ஷெரிடன், சிறையிலிருந்தபடியே 1992இல் மன்றத் தேர்தலில் வென்றார். பிறகு ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குப் போய், வீட்டுப் பொருள்களை ஜப்திசெய்து ஏலம் விடும் அந்த முறையை ஒழிக்கும் சட்டத்தை 2001இல் கொண்டுவந்தவரும் அவர்தான்.

வரி 1993இல் ஒழிந்தது, பாக்கி ஒழியவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஸ்காட்லாந்து மன்றங்களின் ஏடுகளில் 42.5 கோடி பவுண்டு தலைவரி நிலுவையாகவே கிடந்தது. வசூலோ ஆண்டுக்கு 4 லட்சம் பவுண்டைக் கூட எட்டாத நிலைக்கு வந்திருந்தது. 2014 செப்டம்பரில் சுதந்திர வாக்கெடுப்பு வந்தது. பல ஆண்டுகளாக வாக்காளர் பட்டியலிலிருந்தே விலகியிருந்தவர்கள் பெயர் பதிவு செய்தார்கள், 84.6 சதவீதம் வாக்குப்பதிவு. உடனே சில மன்றங்கள், இந்தப் புதிய பட்டியலை வைத்துப் பழைய தலைவரிப் பாக்கிக்காரர்களைக் கண்டுபிடிக்கலாமே என்று பேசத் தொடங்கின. முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் அடுத்த மாதமே அதை நிறுத்தச் சட்டம் வரும் என்று அறிவித்தார். வாக்களிக்க வந்தவனைக் கடனுக்காகப் பிடிப்பது ஜனநாயகத்துக்கு அடுக்காது என்பது அவர் வாதம். 2015 பிப்ரவரி 1 முதல் தலைவரிப் பாக்கி முழுவதும் சட்டப்படி அற்றுப்போனது.

நேர்மையாகக் கட்டியவர்களுக்கு இது அநீதி என்று கன்சர்வேட்டிவ் கட்சியினர் எதிர்த்தார்கள். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. சிரமப்பட்டுக் கட்டியவர் ஒருவர், கட்டாத பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு மரியாதை உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. இந்தப் பாக்கியை இழப்பதற்காக ஸ்காட்லாந்து அரசு எல்லா மன்றங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த ஈடு 8,69,000 பவுண்டு. 42.5 கோடி என்று ஏட்டில் எழுதியிருந்த சொத்தின் உண்மை மதிப்பு அவ்வளவுதான் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். அத்தனை ஆண்டு அதைப் பெரிய எண்ணாகத் தூக்கிச் சுமந்ததில் மன்றங்களுக்குக் கிடைத்தது என்ன? இருபது ஆண்டு, பலரை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் அந்த எண் பயமுறுத்தியது. காலம் தாழ்த்தாமல், எது வரும் எது வராது என்று 1990களின் இறுதியிலேயே பிரித்திருந்தால், வரக்கூடியதில் கூடுதலாகவே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சிறை விஷயத்திலும் எல்லைக்கு எல்லை வேறுபாடு. வேல்ஸில் ஒரு தாய்க்கு, கவுன்சில் வரி பாக்கிக்காக 2016இல் 81 நாள் சிறை விதித்தார்கள். நாற்பது நாள் உள்ளே இருந்த பிறகு வெளியே வந்தார். அவருக்குக் கட்ட வசதி இருந்ததா என்று சரியாக விசாரிக்காமல் கொடுத்த தண்டனை சட்டவிரோதம் என்று 2017இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வேல்ஸ் அரசு 2019 ஏப்ரல் 1 முதல் இந்தத் தண்டனையையே எடுத்துவிட்டது. அதனால் அங்கே வசூல் குலைந்துவிடவில்லை.

இங்கிலாந்திலும் மாற்றம் தேடியவர்கள் உண்டு. லண்டனின் ஹாமர்ஸ்மித்-ஃபுல்ஹாம் மன்றம் 2018இல் கவுன்சில் வரிக்குப் பெய்லிஃபை அனுப்புவதை நிறுத்தியது. 2021 மே முதல், கடன் ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் 60 நாள் எந்த வசூல் நடவடிக்கையும் இல்லாத மூச்சுவிடும் காலம் சட்டத்தில் வந்தது. 2025இல் மத்திய அரசு ஒரு கருத்துக் கேட்பு நடத்தியது: பன்னிரண்டு தவணையை இயல்பாக்குவது, ஒரு தவணை தவறியதும் முழு ஆண்டுத் தொகையையும் கேட்கும் விதியைத் தளர்த்துவது ஆகியவை அதில் இருந்தன. வரவேற்கிறேன். ஆனால் இவை எல்லாம் கடன் உண்டான பிறகான வைத்தியம்.

கடனாகும் முன்பே செய்யக்கூடியது ஒன்று கவுன்சில் வரிக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 13ஏ பிரிவு, எவருடைய வரியையும் எந்த அளவுக்கும், பூஜ்யம் வரைக்கும், தன் விருப்பப்படி குறைக்க மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அரசுக் காப்பகத்தில் வளர்ந்து தனி வாழ்க்கை தொடங்கும் இளைஞர்களுக்குப் பல மன்றங்கள் இந்தப் பிரிவில்தான் விலக்கு தருகின்றன. மற்றபடி அது அதிகம் தொடப்படாமல் கிடக்கிறது. தொடாததற்குக் காரணம் மறுபடியும் கணக்கு. 13ஏ குறைப்பின் செலவை வசூலிக்கும் மன்றமே ஏற்க வேண்டும். அதே தொகையைப் பாக்கியாக விட்டுத் தள்ளுபடி செய்தால் கவுன்டியும் காவல்துறையும் தீயணைப்பும் பங்குபோட்டுக்கொள்ளும். முன்கூட்டியே இரக்கம் காட்டுவது விலை உயர்ந்தது, பெய்லிஃபை அனுப்பி மூன்று ஆண்டு அலைக்கழித்துவிட்டுத் தள்ளுபடி செய்வது மலிவானது. இந்த ஒரு விதியை மாற்றி இரண்டு செலவையும் ஒரே மாதிரி பகிர வைத்தால், தள்ளுபடிப் பட்டியலின் நீளம் குறையும்.

மன்ற உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே ஒரு கடுமையான விதி உண்டு: இரண்டு மாதக் கவுன்சில் வரி பாக்கி வைத்திருப்பவர் பட்ஜெட்டில் வாக்களிக்க முடியாது, வாக்களித்தால் குற்றம். பாக்கி வைத்த ஒரு உறுப்பினரின் பெயரைப் பொதுமக்கள் அறியலாம் என்று 2016இல் பால்டன் மன்ற வழக்கில் மேல் தீர்ப்பாயமும் சொன்னது. வெளிப்படைத்தன்மையை உறுப்பினர்களிடம் கேட்கிற சட்டம், மன்றத்திடமும் கேட்கலாம். யார் பெயரும் வேண்டாம். ஒவ்வொரு காரணத்தின் கீழும் எத்தனை பேர், எவ்வளவு பவுண்டு, அதில் எவ்வளவு மூல வரி, எவ்வளவு நீதிமன்றச் செலவு என்று ஆண்டுதோறும் ஒரு பக்கம் வெளியிட்டால் போதும். அதைப் படிக்கும் வரி செலுத்துபவருக்கு, தான் யாருக்காகக் கூடுதலாகக் கட்டுகிறோம் என்று தெரியும். ஏமாற்று நிறுவனத்துக்காக என்றால் அவர் கோபப்படட்டும். படுத்த படுக்கையான கிழவருக்காக என்றால், பெரும்பாலானவர்கள் கோபப்பட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதோடு நடுவர் நீதிமன்றத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். சிறைக்கு அனுப்பும் முன் வரவு செலவைக் கேட்டு, தேவைப்பட்டால் பாக்கியை ரத்துசெய்யும் அதிகாரம் நடுவருக்கு இப்போதும் இருக்கிறது. அதே அதிகாரத்தை முதல் உத்தரவு போடும் நாளிலேயே அவருக்குக் கொடுத்துவிடலாம். அழைப்பாணையோடு ஒரு பக்க வரவு செலவுப் படிவம் போகட்டும். நிரப்பி அனுப்புபவரின் வழக்கு அந்த மொத்தப் பட்டியலிலிருந்து தனியே எடுக்கப்படட்டும்.